பெயர் இல்லாதவனைக் காணப் போனோம்

உங்கள் வீட்டில் நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் வரலாற்றுப் பாடநூலை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். வரலாற்றுக்கு முந்திய காலம் என்று ஒரு பாடம் வரும். அதில் நம் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கு வரும், குகை வரும், குகைக்குள் ஓர் எலும்புக்கூடும் வரும். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் வகுப்பில் எழும் சலசலப்பை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெண்பிள்ளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்ப்பார்கள். பையன்கள் நாற்காலியை விட்டே எழுந்து வந்துவிடுவார்கள்.

நான் வேலை செய்வது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். தோட்டம் என்பது பெயருக்குத்தான். பால் மரம் ஒன்றுகூட இல்லை, சுற்றிலும் செம்பனை. பிள்ளைகளில் பெரும்பாலோர் தாமான் வீடுகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். அந்தப் பாடத்தை நான் நடத்திக்கொண்டிருந்தபோது, எப்போதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், அவங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே. அப்புறம் அவங்க கதைய யாரு எழுதிக் குடுத்தா?"

சான்றுகள் இரண்டு வகைப்படும், எழுத்துச் சான்று, பொருட் சான்று என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். பையன் தலையை ஆட்டினான். ஆனால் அவனுக்கு மனம் நிறையவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் நிறையவில்லை.

அன்று மாலை இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதினான்கு வயதில் பால் மரம் வெட்டப் போனவர். கையெழுத்து மட்டும் போடுவார். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், "நானும் எழுதத் தெரியாதவதான். என் கதைய யாரு எழுதுவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ செய்தது. அடுத்த பள்ளி விடுமுறையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு லெங்கோங் போய் வருவது என்று முடிவு செய்தேன். சில ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. கார் ஓட்டியவர் என் கணவர். "எலும்பைப் பார்க்க இவ்வளவு பெட்ரோலா?" என்று கேட்டபடிதான் கிளம்பினார்.

லெங்கோங் போவதற்கு முதல்நாள், ஒத்திகைபோல, தம்புன் போனோம். ஈப்போக்காரர்களுக்குத் தம்புன் என்றால் பம்ளிமாஸ் நினைவு வரும். சுடுநீர் ஊற்று நினைவு வரும். அங்கே ஒரு சுண்ணாம்புப் பாறையின் செங்குத்துச் சுவரில் செங்காவியால் தீட்டிய பழைய ஓவியங்கள் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1959-ஆம் ஆண்டு, அவசரகாலம் இன்னும் முடியாத நேரத்தில், கூர்க்கா படையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் அவை பட்டன. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அறுநூறுக்கு மேற்பட்ட உருவங்களை எண்ணியிருக்கிறார்கள். மான் இருக்கிறது. மனிதர் இருக்கிறார்கள். கடற்பசு என்று கருதப்படும் உருவமும் இருக்கிறது. கடலைக் கண்டு வந்த ஒருவன்தான் அதை வரைந்திருக்க முடியும். தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் எப்படி ஏறி நின்று தீட்டினார்கள் என்பதை நினைத்தால் கழுத்து வலிக்கிறது. பக்கத்துப் பாறைகளில் நம் காலத்தார் சிலர் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். ஓவியம் தீட்டியவன் பெயர் எழுதவில்லை. பெயர் எழுதியவனுக்கு ஓவியம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை கிளம்பினோம். சுங்கை சிப்புட்டில் பசியாறிவிட்டுக் கோலகங்சார் வந்தபோது, அம்மாவுக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருந்தது. மாவட்ட நில அலுவலகத்தின் அருகே ஒரு பழைய ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. 1877-ஆம் ஆண்டு தென்னமெரிக்கப் பிரேசிலின் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் லண்டன் வழியாக, இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தப் பழைய நடவில் எஞ்சியது இந்த மரம் என்கிறார்கள். நாற்பது ஆண்டு மரத்தோடு பேசிப் பழகிய என் அம்மா, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இவதான் மூத்தவளா?" என்றார். சற்று நேரம் கழித்து, "இவ ஒருத்தி வந்ததுக்கு எத்தன பேரு கப்பலேறி வர வேண்டியதாப் போச்சு" என்றார். என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். பினாங்கில் இறங்கியபோது ஒரு தகரப் பெட்டிதான் சொத்து.

கோலகங்சாரைத் தாண்டிக் கிரிக் போகும் சாலையில் திரும்பினால் நிலத்தின் முகமே மாறுகிறது. ஒரு பக்கம் பேராக் ஆறு கூடவே வருகிறது. இரு பக்கமும் கருங்கல் மலைத்தொடர். நடுவில், யாரோ கொண்டுவந்து கவிழ்த்து வைத்தாற்போலச் சுண்ணாம்புக் குன்றுகள். நம் சங்கப் புலவர்கள் நிலத்தைச் சொல்லிவிட்டுத்தான் மனிதரைச் சொல்வார்கள். குறிஞ்சி என்றால் அங்கே என்ன விளையும், என்ன தொழில், எந்தத் தெய்வம் என்பதெல்லாம் அடங்கிவிடும். லெங்கோங்கைப் புரிந்துகொள்ளவும் அதுவே வழி. ஆறு கூழாங்கல்லைக் கொடுத்தது, கல் கருவியாயிற்று. ஆறு நத்தையையும் மீனையும் கொடுத்தது, அவை உணவாயின. சுண்ணாம்புக் குன்று குகையைக் கொடுத்தது. அது வீடாயிற்று, பின்பு கல்லறையும் ஆயிற்று.

கோத்தா தம்பான் என்ற இடத்தில் 1938-இலேயே அகழ்ந்து பார்த்தார்கள். பின்னர் 1987-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சுரைனா மாஜிட்டின் குழுவினர் மீண்டும் தோண்டினர். அவர்கள் கண்டது ஒரு பட்டறை. பட்டறைக்கல், சுத்தியல் கல், உடைத்துப் பாதியில் விட்ட கல், தெறித்த சில்லு என எல்லாம் வேலை நடந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றோடு எரிமலைச் சாம்பலும் இருந்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தது. இன்று அந்த வாய் ஒரு பெரிய ஏரி. அந்தச் சாம்பல் கடல் தாண்டி வந்து இங்கே கொட்டியபோது, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் விட்டது விட்டபடி ஓடியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. "சங்கு ஊதுனதும் கத்தியக் கீழ போட்டுட்டு ஓடுவோமே, அந்த மாதிரி" என்றார் அம்மா. வழிகாட்டி சொன்ன அரை மணி நேர விளக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கியது.

இனி அந்த மனிதன்.

புக்கிட் கெப்பாலா காஜா என்று ஒரு குன்று உண்டு. யானைத்தலைக் குன்று என்று பொருள். அதிலுள்ள குனோங் ருந்து குகையில் 1991-ஆம் ஆண்டு அவனைக் கண்டெடுத்தார்கள். நாங்கள் குகைக்குள் போகவில்லை. நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாத இடம் அது. குன்றைத் தொலைவிலிருந்து பார்த்தோம்; காட்சிக்கூடத்தில் அவன் கிடந்த கோலத்தைப் பார்த்தோம்.

பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவன். உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர். என் கணவரைவிடக் கொஞ்சம் குட்டை. இறக்கும்போது நாற்பதைத் தாண்டியவன். அந்தக் காலத்துக்கு அது கிழப்பருவம். தாயின் வயிற்றில் பிள்ளை கிடப்பதுபோல முழங்காலை மடக்கி வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கூடவே ஆற்று நத்தைகள், விலங்குகளின் இறைச்சி, கல் கருவிகள். இறைச்சி போய்விட்டது, எலும்பும் ஓடும் நிற்கின்றன. வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

அவனுடைய இடக்கை சூம்பியிருந்தது. விரல்களின் நடு எலும்பு வளராமல் குட்டையாக இருந்தது. பிறவிக் குறை என்று மருத்துவ ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். வாசகர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வேட்டையாடி உண்ட காலம். கல்லை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் தட்டிக் கூர்மையாக்க வேண்டும். மரமேற வேண்டும், குகைக்கு ஏற வேண்டும். ஒரு கை சரியில்லாமல் பிறந்த குழந்தை நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறது. செத்தபின் அவனுக்குச் செய்த மரியாதையோ அந்தக் குகையில் சாதாரணமானதன்று.

அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இவன யாரோ பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன்.

"நம்ம கடைசி லயத்துல நொண்டித் தாத்தா இருந்தாரே, நீ பாத்திருக்க மாட்ட. மரம் வெட்ட முடியாது. ஆயாக் கொட்டாயில புள்ளைங்களுக்குத் தொட்டி ஆட்டுவாரு. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு நாளைக்குச் சோறு. முறை வச்சிக் குடுப்போம். செத்தப்ப தப்பு அடிச்சி, கொடி கட்டித்தான் தூக்குனோம்."

அவர் பெயர் என்னம்மா என்று கேட்டேன். அம்மா யோசித்தார். "எல்லாருக்கும் நொண்டித் தாத்தாதான். பேரு ஒண்ணு இருந்துச்சு..." என்று இழுத்தவர், "பொம்பளைங்க யாரும் கெடைக்கலையா?" என்று பேச்சை மாற்றினார். கிடைத்திருக்கிறது. 2004-இல் தெலுக் கெலாவார் குகையில் ஒரு பெண்ணின் எலும்புகளை எடுத்தார்கள். ஏறத்தாழ 8,000 ஆண்டுக்கு முந்தியவள். அதைக் கேட்டதும்தான் அம்மாவுக்குத் திருப்தி.

இவ்வளவு காலம் எலும்பு நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டு மண் மழையில் ஊறி ஊறிப் புளித்த மண்; புதைத்த எலும்பை விரைவில் கரைத்துவிடும். சுண்ணாம்புக் குகையின் மண் அப்படியன்று. எலும்பும் சுண்ணாம்பு இனம், பாறையும் சுண்ணாம்பு இனம். ஒன்றை ஒன்று காத்துக்கொள்ளும். பேராக் ஆற்றங்கரையில் எத்தனையோ தலைமுறை வாழ்ந்து செத்திருக்கும். குகையில் கிடந்தவர்கள் மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்தார்கள். இதை வழிகாட்டி சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் எதை நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2012-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ லெங்கோங்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பதை என் கணவர் பலகையில் படித்துவிட்டு, பெட்ரோல் செலவைப் பற்றிய பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ரபான் ஏரிக்கரையில் ஆற்றுமீன் குழம்போடு பகலுணவு. கணவர் கேட்டார்: "சரி, எலும்பு கெடைச்சது. பேரு எப்பக் கெடைச்சது?" நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்தவரை பேராக் மண்ணில் கிடைத்த மிகப் பழைய பெயர்களுள் ஒன்று தைப்பிங்கிற்கு மேற்கே, கடலோரச் சதுப்புக்காட்டில் கிடைத்தது. கோலா செலின்சிங் என்ற இடம். குறிஞ்சி முடிந்து நெய்தல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அலைவாய்ச் சேற்றில் மேடு போட்டு, கால் நட்டு வீடு கட்டி, மணி கோத்து வாணிகம் செய்த மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்தார்கள். இறந்தவர்களைப் படகில் வைத்துப் புதைத்தார்கள். ஐவர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1920-களிலும் 30-களிலும் அங்கே தோண்டியபோது சிவப்புக்கல்லில் வெட்டிய ஒரு சிறு முத்திரை அகப்பட்டது. அதில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர், பல்லவர் எழுத்தை ஒத்த எழுத்தில். கடல் கடந்து வந்த பெயர்! ஆனால் பாருங்கள், முத்திரை வைத்துக்கொள்ள வசதி படைத்தவன் பெயர் நின்றது. படகில் கிடந்தவர்களின் பெயர் ஒன்றும் நிற்கவில்லை. ஈய லம்பங்களில் மண்ணை அலசும்போது வெண்கலச் சிலைகளும் கிடைத்தன. 1936-இல் பீடோரில் கிடைத்த எட்டுக் கை அவலோகிதேசுவரர் அவற்றுள் பேர்பெற்றது. அவற்றை இழைத்த கைகளுக்கும் பெயர் இல்லை.

எட்ட இருந்து நம்மைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. நம் பட்டினப்பாலை காழகத்திலிருந்து வந்த பொருளைச் சொல்கிறது. கெடாவாகிய கடாரம் அது என்று பழைய உரைகாரர் எழுதினார். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழியில் நூல் எழுதிய தாலமி, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நம் தீபகற்பத்தைப் பொன் தீபகற்பம் என்று படத்தில் குறித்தார். இந்தப் பக்கமே வராத மனிதர். வணிகர் வாய்மொழியைக் கேட்டு எழுதியதுதான்.

அந்தக் கிரேக்கரைப் பற்றி நான் ஒரு நூலில் படித்ததை அன்று ஏரிக்கரையில் இவர்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பயணம் திசை மாறியது அதனால்தான்.

கிரேக்க நாடு மலையும் கடலும் கலந்த நாடு. மலைக்கும் மலைக்கும் நடுவே சிறுசிறு சமவெளி. சமவெளிக்கு ஓர் ஊர். ஊருக்கு ஓர் அரசு. ஒலிவமும் திராட்சையும் விளையும்; தானியம் பற்றாது; ஆகவே கடலில் இறங்கினார்கள். நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன், ஒரு பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு பந்து விளையாட்டுக் குழு. அடுத்த தோட்டம் மூன்று மைல்தான்; ஆனால் பெண் கொடுக்கவும் பந்தாடவும் மட்டுமே போவோம். கிரேக்கர் எல்லாரும் கூடுவதற்கு ஒலிம்பியா விழா இருந்தது. நமக்குத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை இருந்தது.

அவர்களுடைய முதல் காலத்தை எப்படி அறிந்தார்கள்? முதலில் பாட்டு. ஹோமர் பெயரால் வழங்கும் பாடல்களை எழுதுவதற்கு முன்பே பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள். அவற்றில் வரும் திராய் நகரம் கட்டுக்கதை என்றே படித்தவர்கள் பலர் எண்ணியிருந்தார்கள். 1870-களில் ஷ்லீமன் என்ற ஜெர்மானிய வணிகர் துருக்கியில் மண்ணைத் தோண்டி நகரத்தைக் காட்டினார். அவசரக்காரர், தோண்டிய வேகத்தில் அழித்ததும் அதிகம். பிறகு 1939-இல் பைலோஸ் என்ற இடத்து அரண்மனையில் களிமண் பலகைகள் கிடைத்தன, எழுத்தோடு. யாராலும் படிக்க முடியவில்லை. 1952-இல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் அது பழைய கிரேக்க மொழி என்று கண்டுபிடித்தார். உலகமே காத்திருந்தது. மன்னர் கதையா? தெய்வப் பாட்டா?

"என்னாதான் எழுதியிருந்துச்சு?" என்றார் அம்மா.

கணக்கு! கிராணியின் கணக்கு! எத்தனை ஆடு, எவ்வளவு கம்பளி, எவ்வளவு எண்ணெய். மாவரைக்கும் பெண்கள் எத்தனை பேர், நூல் நூற்பவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்கு அளந்த கோதுமை எவ்வளவு, அத்திப்பழம் எவ்வளவு. அந்தப் பெண்களில் பலர் கடலுக்கு அக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எந்த ஊர்ப் பெண்கள் என்று எழுதியிருக்கிறது, தலைக்கணக்கு எழுதியிருக்கிறது, ஆளின் பெயரை எழுதவில்லை. அந்தப் பலகைகள் சுடாத களிமண். ஏறத்தாழ கி.மு. 1200 வாக்கில் அரண்மனை எரிந்தபோது அந்த நெருப்பில் வெந்து கெட்டியானதால்தான் நிலைத்தன. அரண்மனையோடு எழுத்தும் போயிற்று. ஏறத்தாழ நானூறு ஆண்டு அந்த மக்களிடம் எழுத்தே இல்லை. பாட்டுத்தான் காப்பாற்றியது.

அம்மா மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "செக்ரோல்தான். நம்ம செக்ரோல்ல பேராவது இருந்துச்சு. என் பேரையே தப்பாத்தான் எழுதுனான் கிராணி" என்றார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "போற வழியில தோட்டத்துக்குப் போலாமா? அப்பாவ வச்ச எடத்தப் பாக்கணும்" என்றார்.

அம்மா அந்தத் தோட்டத்தைவிட்டு வந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது. எந்தத் தோட்டம் என்று எழுத விரும்பவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயங்களை இடித்தார்கள், மாரியம்மனை மட்டும் சடக்கோரம் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே போகும் செம்மண் பாதையில் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிச் செம்பனை. எனக்கு இடம் பிடிபடவில்லை. நான் பிறந்து வளர்ந்த இடம்; சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். மரத்தைப் பார்க்கவில்லை, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார். மரத்தை மாற்றலாம், மேட்டையும் பள்ளத்தையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாதல்லவா? "தண்ணி ஓடுற பள்ளம் அது. அப்ப பால் ஸ்டோரு இங்க" என்று நடந்தார். பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், வயதானவர் புதருக்குள் போவதைக் கண்டு கத்தியோடு முன்னால் வந்து வழி செய்து கொடுத்தார். அவரோடு அம்மா பாசார் மலாயில் பேசினார். அவருக்கு ஊரில் இரண்டு பிள்ளைகளாம். காய்ந்த மட்டைகளை விலக்கியபோது கீழே சிமெண்டுத் தரை தென்பட்டது. பால் ஸ்டோர்! அதன் விளிம்பில் உட்கார்ந்து அம்மா சற்று மூச்சு வாங்கினார். காலடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. பீங்கான் மங்கின் பாதி. துடைத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து பெரட்டுக் களம், அங்கிருந்து ஆயாக் கொட்டகை, அங்கிருந்து சரிவில் இறங்கினால் புதைகாடு. ஒன்றும் இல்லை. மேடுகூட இல்லை. மரக்கட்டையில் எழுதி நட்டவை எல்லாம் கரையானுக்குப் போய்விட்டன. மறுநடவு செய்தபோது இயந்திரம் வரப்பு வெட்டிப் படிப்படியாகச் சமன் செய்திருந்தது. கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் செம்மண். குகையில் கேட்ட விளக்கம் அப்போதுதான் எனக்கு நெஞ்சில் இறங்கியது. தாத்தா இறந்தது 1960-களில். இந்த மண்ணில் இந்நேரம் எலும்புகூட மிஞ்சியிருக்காது.

அம்மா அழவில்லை. ஒரு செம்பனை அடியில் நின்று, "இங்கதான். இல்லன்னா அந்த மரத்துக்கிட்ட" என்றார். கற்பூரம் கொண்டுவந்திருந்தார்! காலையில் கிளம்பும்போதே பையில் வைத்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. ஏற்றினோம். தொழிலாளி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

திரும்பும்போது காரில் நான் பாடக் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "அம்மா, அங்க யார் யார வச்சாங்க, சொல்லுங்க" என்றேன். அம்மா ஆளை நினைத்துச் சொல்லவில்லை. வீட்டை நினைத்துச் சொன்னார். முதல் லயம், முதல் வீடு. இந்த வீட்டில் இன்னார், மலேரியா. அடுத்த வீட்டில் பிரசவத்தில் போனவள். மூன்றாம் வீட்டில் யாரும் சாகவில்லை, அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு லயத்தின் வாசல்வழியே நடந்துகொண்டே சொல்வதுபோல இருந்தது. ஹோமரின் இலியட்டிலும் இப்படி ஒரு பகுதி வரும். எந்த ஊரிலிருந்து யார் எத்தனை கப்பலில் வந்தார் என்று நீண்ட பட்டியல். படிக்கும்போது அலுப்பாக இருக்கும். அன்று காரில் எனக்கு அலுக்கவில்லை. கணவர் வானொலியை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினார். ஈப்போ விளக்குகள் தெரிந்தபோது நாற்பத்து மூன்று பெயர் சேர்ந்திருந்தது. அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் இங்கே அச்சிடுவது முறையன்று; குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கின்றன. கடைசி லயத்துக் கோடி வீட்டுக்கு நேரே மட்டும் "நொண்டித் தாத்தா" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

பள்ளி திறந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறாராம். எந்தத் தோட்டத்தில் இருந்தார், பக்கத்து வீடுகளில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிவா என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். பதினோரு பெயர். எழுத்துப்பிழை ஏராளம், திருத்தவில்லை. "பாட்டி நிப்பாட்டவே மாட்றாங்க டீச்சர், இன்னும் இருக்காம்" என்றான்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஏதோ சுட்டுக்கொண்டார் என்று பயந்து ஓடினேன். கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அவரு பேரு ஞாபகம் வந்துருச்சி" என்றார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுக்கப் போனேன்.